கால்வாய் வழியே ஒரு தோணிச் செலவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயணிகள் இரயில் ஓடாத இந்தத் தீவிலே இரயில்வே எழுத்தர் ஒருவரைப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவரோ இரயிலை விட்டுவிட்டுத் தோணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறார். இரண்டும் வியப்புக்குரியனவே. மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்கு அலுவலகத்துப் பேரேடுகளோடு பழகிவருபவர் யாம். எமக்கு மேடைப் பழக்கம் குறைவு. தங்கை வீட்டுக்கு விருந்தாக வந்தவர் வெறுமனே திரும்பலாகாது என்று நீங்கள் அன்போடு கட்டளையிட்டீர்கள். அதை மறுக்க மனம் வரவில்லை. சொல்லில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நீர்வழிப் பயணம் பெரார்கஞ்ச் மக்களுக்குப் புதியதன்று. பாம்பூபிளாட் துறையில் படகேறிச் சாத்தம் சென்று, அங்கிருந்து நகரத்துக்குள் புகுவது உங்களுக்கு அன்றாட வழக்கம். போர்ட் பிளேர் என்று நாம் அழைத்துவந்த அந்நகரம் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் படகுத்துறைகளும் பயணமும் மாறவில்லை. இங்குள்ள முதியோர் பலர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாள் கடலில் மிதந்து இக்கரை கண்டவர்கள். பாரட்டாங்கில் சுண்ணாம்புக் குகை காணப் படகில் சென்றவர்களும் உங்களுள் இருப்பீர்கள். அங்கே கடைசிப் பகுதியில் ஓடை குறுகுகிறது. இருபுறத்துக் கண்டல் மரங்களும் தலைக்குமேல் கிளை கோத்துப் பந்தலிடுகின்றன. கை நீட்டினால் இலை தொடும் தொலைவில் படகு செல்கிறது. இன்று யாம் பேசப்போகும் கால்வாய்ப் பயணத்தின் சுவையை அறிய அந்த ஒரு சிறு தொலைவே போதுமான சான்று.

கடற்பயணத்தில் கரை மறைந்துவிடும். இரயில் பயணத்தில் கரை ஓடிவிடும். கால்வாய்ப் பயணத்திலோ கரை நம்மோடு கூடவே நடந்து வரும். நீர் இறைப்பவரையும், வலை உலர்த்துபவரையும், பள்ளி செல்லும் சிறுவரையும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போகலாம். ஊர் வந்தால் தோணி நிற்கும். இறங்கி ஒரு குடம் நல்ல தண்ணீர் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறலாம். இத்தகைய வழி ஒன்று நம் தாயகத்தில், அதுவும் சென்னை நகரின் நடுவிலே இருந்தது. அதுதான் பக்கிங்காம் கால்வாய்.

இந்தக் கால்வாயின் முதற் பகுதி 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்தது. பாசில் காக்ரேன் என்பவர் தம் பொறுப்பில் வெட்டுவித்ததால் அது நெடுநாள் காக்ரேன் கால்வாய் என்றே வழங்கிற்று. பின்னர் அரசு அதனை ஏற்றுக்கொண்டு, வடக்கே பழவேற்காட்டையும் கடந்து நீட்டிக்கொண்டே சென்றது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டில் உள்ளது 163 கிலோமீட்டர். வடகோடியில் அது கிருஷ்ணைப் பாசனக் கால்வாய்களோடு இணைந்ததனால், காக்கிநாடாவில் ஏற்றிய சரக்கு கடலைத் தொடாமலே சென்னை வந்து சேர வழியிருந்தது. கடற்கரையை ஒட்டியே, பல இடங்களில் அலையோசை கேட்கும் தொலைவிலேயே, அது செல்கிறது.

சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே மட்டும் இணைப்பில்லாமல் இருந்தது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இணைப்பு 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அந்த ஆண்டுகளைக் கேட்டவுடன் முதியோர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். அதுவே நம் பாட்டிமார் கதைகளில் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கும் கொடும் பஞ்சம். ஊரை விட்டு வெளியேறிப் பட்டினியோடு சென்னை வந்து சேர்ந்த மக்களுக்குப் பஞ்ச நிவாரண வேலையாக இந்த மண்வெட்டு வேலை கொடுக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அவர் பெயரே கால்வாய்க்கு 1878ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது.

பஞ்ச நிவாரண வேலைக்கு அக்காலத்தில் என்ன கூலி தெரியுமா? 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய அரசின் தூதராக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் செலவைச் சுருக்கும்படி வற்புறுத்தினார். அதன்படி வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று கூலி குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த அளவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆளுநரின் பெயர் இன்றும் நிலப்படத்தில் நிற்கிறது. மண் சுமந்தவர் பெயர் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த எண்ணத்தை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, இனித் தோணியில் ஏறுவோம்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண விரும்பிய சென்னை மக்கள், நல்ல சாலை வருவதற்கு முன், இந்தக் கால்வாய் வழியேதான் சென்றார்கள். மாலையில் தோணி ஏறினால், இரவெல்லாம் சென்று காலையில் இறங்கலாம். தோணி அடிப்பாகம் தட்டையானது. ஆழமில்லாத நீரிலும் மிதக்கும். பயணிகள் பாய் விரித்துப் படுத்துக்கொள்வர். கட்டுச்சோறும் கூசாவில் தண்ணீரும் உடன் வரும். அடையாற்றைக் கடந்து திருவான்மியூரை விட்டவுடன் நகரம் ஓய்ந்துவிடும். பின்னர்த் தாழங்காடு, சவுக்குத் தோப்பு, உப்பளம், மீனவர் குப்பம் என்று கரைகள் மாறிக்கொண்டே வரும். முட்டுக்காட்டில் கழிமுகம் அகன்று விரியும். அங்கே கடலின் ஓதம் உள்ளே ஏறி இறங்கும். ஓதம் ஏறும் நேரம் பார்த்துத் தோணி விடுவது ஒரு கலை. தீவிலே வாழும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கால்வாய் சதுரங்கப்பட்டினத்தை அடைகிறது. அங்கே டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. பாலாற்றைக் கடந்தால் கடப்பாக்கம். கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள். வடக்கே சென்றாலோ எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு. பழவேற்காட்டிலும் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டளவில் கோட்டை கட்டியிருந்தனர். இப்படி ஒவ்வொரு துறையும் ஒரு வரலாற்றுப் பாடம். இரயில் நேர அட்டவணையில் இல்லாத ஊர்களே இந்த வழியின் நிலையங்கள்.

ஆறுகளைக் கடக்கும் இடங்களில் கால்வாய்க்கு இரட்டைக் கதவு மதகுகள் அமைத்திருந்தார்கள். தோணி உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். நீர்மட்டம் ஆற்றோடு ஒத்ததும் முன்கதவைத் திறப்பார்கள். எங்கள் இரயில்வேயில் கைகாட்டி இறங்குவதற்காக வண்டி காத்து நிற்பது போலத் தோணிகள் அங்கே வரிசையாய்க் காத்து நிற்கும். காத்திருக்கும் நேரத்தில் அடுப்பு மூட்டி உலை வைப்பார்கள். ஊர்ச் செய்திகளும் பேசிக்கொள்வார்கள். ஆகவே காத்திருப்பதும் பயணத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது.

பயணிகளை விடச் சரக்கே இவ்வழியில் மிகுதி. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவிலிருந்து விறகு வந்தது. இன்று விண்கலம் ஏவும் அதே தீவுதான். பழவேற்காட்டிலிருந்து சிப்பியும், கடலோர உப்பளங்களிலிருந்து உப்பும், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து நெல்லும் அரிசியும் வந்தன. சென்னையின் அடுப்பு எரிந்ததும், சுவர் வெளுத்ததும், உலை கொதித்ததும் பெரும்பாலும் இந்தத் தோணிகளாலே. எங்கள் இரயில்வேயில் பேசின் பிரிட்ஜ் என்றொரு நிலையம் உண்டு. தோணிகள் வந்து தங்கிய பழைய நீர்த்துறையை நினைவூட்டும் பெயர் அது. அதனருகே உள்ள சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்தின் பெயரும் உப்புப் பண்டகசாலைகளிலிருந்து வந்ததே. தோணி மறைந்தாலும் அதன் பெயர் எங்கள் பேரேட்டில் இன்னும் எழுதப்பட்டு வருகிறது.

நண்பர்களே! இதுவரை சொன்னதெல்லாம் இனிமையான பக்கம். தோணி தானே ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லையேல், தோணியின் கம்பத்தில் நீண்ட கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைத் தோளில் இட்டுக்கொண்டு ஆள் கரையோடு இழுத்து நடக்க வேண்டும். பின்புறத்தில் மற்றொருவர் நீண்ட கழியை நீருக்குள் ஊன்றி, உடல் முழுவதையும் அதன்மேல் சாய்த்துத் தள்ள வேண்டும். அவர்கள் நடக்கும் வேகமே தோணியின் வேகம். உள்ளே படுத்திருப்பவர்க்கு அது தாலாட்டு. வெளியே நடப்பவர்க்கோ இரவெல்லாம் சேறும் முள்ளும் பாரமும். நாம் நிதானப் பயணம் என்று புகழ்கின்ற அந்த நிதானம் பிறர் தோளிலே அளக்கப்பட்டது.

இதைக் கண்டு வருந்திப் பாடிய பெருமகன் ஒருவர் உண்டு. அவர் புதுவைக் கவிஞர் பாரதிதாசனார். நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இக்கால்வாயில் தோணியேறிச் சென்ற அனுபவத்தை அவர் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாட்டாக்கினார். அந்திப் பொழுதின் அழகைச் சொல்லிவந்த கவிஞர், கயிறிழுப்பவரையும் கழி ஊன்றித் தள்ளுபவரையும் கண்டதும் மனம் நைந்து, தொழிலாளர் உழைப்பை நினைந்து பேசுகிறார். சுற்றுலா சென்றவர் பலர். இழுத்தவரைக் கண்டவர் சிலரே. நூலகம் வாய்த்தோர் அப்பாட்டைத் தேடிப் படிக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

பிற நாடுகளில் எப்படி என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 1761ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டு, மான்செஸ்டர் நகருக்கு நிலக்கரி நீர்வழியே வரத் தொடங்கியது. அதன் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அது கண்டு நாடெங்கும் கால்வாய்கள் வெட்டினார்கள். அவற்றின் மதகுகள் குறுகியவை. ஆகவே படகுகளும் குறுகியவை. அகலம் ஏறத்தாழ 7 அடி; நீளம் 70 அடி. அவற்றைக் கரைப்பாதையில் குதிரை இழுத்துச் சென்றது. சாலையில் 2 டன் இழுக்கும் குதிரை, அசையாத நீரில் 30 டன் இழுக்கும். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய எம்மைப் போன்றோர்க்கு இந்த ஒரு கணக்கே நீர்வழியின் பெருமையை உணர்த்தப் போதும்.

அங்கும் உழைத்தவர் நிலை எளிதன்று. சில மலைச் சுரங்கங்களில் குதிரைப் பாதை கிடையாது. ஆட்கள் படகின்மேல் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் கால்களால் மிதித்து மிதித்தே படகை நகர்த்தினார்கள். இரயில் போட்டியால் வருமானம் குன்றியபோது படகுக்காரர் வீட்டு வாடகையை மிச்சம்பிடிக்க மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். 10 அடி நீள அறை ஒன்றிலே சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் நடந்தன. எழுத்தறியாத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆயினும் அந்நாட்டார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சரக்குப் போக்குவரத்து நலிந்து கால்வாய்கள் தூர்ந்து கிடந்த காலத்தில், 1944ஆம் ஆண்டு ரோல்ட் என்பவர் தம் குறும்படகு வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் படித்து உணர்வு பெற்றவர்கள் 1946ஆம் ஆண்டில் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் கண்டார்கள். விடுமுறை நாட்களில் பொதுமக்களே சேற்றில் இறங்கித் தூர் வாரினார்கள். இன்று அங்கே குடும்பங்கள் குறும்படகை வாடகைக்கு எடுத்து, மணிக்கு 4 மைலுக்கு மிகாமல், ஊர் ஊராய்த் தங்கி வாரக்கணக்கில் செல்கின்றன. ஒரு சங்கம் முயன்றால் என்ன செய்யலாம் என்பதற்கு இது சான்று. சங்க விழாவில் இதைச் சொல்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

நம் பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. முதலில் இரயில் வந்தது. பிறகு லாரி வந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களும், 1976ஆம் ஆண்டின் புயலும் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. தூர் வாருவாரில்லை. நகருக்குள் கழிவுநீரும் குப்பையும் அதில் விழுந்தன. கடைசியில் எங்கள் இரயிலே அதன் மார்பில் தூண் ஊன்றியது. சென்னையின் பறக்கும் இரயில் 1995ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997ஆம் ஆண்டில் திருமயிலை வரையும், 2007ஆம் ஆண்டில் வேளச்சேரி வரையும் ஓடத் தொடங்கிற்று. அந்தத் தடம் நெடுந்தொலைவு கால்வாயை ஒட்டியும் அதன் மேலும் செல்கிறது. அந்த வண்டியால் அலுவலகம் செல்வோர்க்கு நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் சன்னல் வழியே கீழே பார்ப்பவர்க்குத் தெரிவது கருத்த சாக்கடை. தோணி சென்ற துறை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

இகழப்பட்ட அந்தக் கால்வாய் ஒருநாள் நன்றிக்கடன் தீர்த்தது போல ஒரு காரியம் செய்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாளை இந்தத் தீவில் உள்ளவர்க்கு யாம் நினைவூட்டத் தேவையில்லை. அன்று ஆழிப்பேரலை ஆந்திரக் கடற்கரையிலும் சென்னைக் கடற்கரையிலும் ஏறியபோது, பெத்தகஞ்சம் முதல் சென்னை வரை ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவுக்குக் கால்வாய் அலைநீரை ஏந்தி நிரம்பி, சிறிது நேரத்தில் மீண்டும் கடலுக்கே வடித்துவிட்டது என்றும், அதனால் அதற்கப்பால் இருந்த மீனவர் பலர் உயிர் தப்பினர் என்றும் ஆய்வாளர் எழுதியுள்ளனர். தாது வருஷத்தில் பசித்தவர்கள் வெட்டியதும் அக்கால்வாயின் ஒரு பகுதியே அன்றோ? அதன்பின் 2008ஆம் ஆண்டில் இது தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு உண்டு, எனினும் சென்னையில் தோணியேறி மாமல்லபுரத்தில் இறங்க இன்னும் வழி பிறக்கவில்லை.

அப்படியானால் ஊர் ஊராய் நின்று செல்லும் நீர்வழிப் பயணம் நம் பக்கத்தில் அழிந்தேவிட்டதா? இல்லை. எங்களுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் இரயில்வே பாஸில் ஒருமுறை குடும்பத்தோடு ஆலப்புழை சென்றோம். அங்கே பெரும் பொருள் கொடுத்தால் கெட்டுவள்ளம் என்னும் வீட்டுப்படகு கிடைக்கும். ஆணி அடியாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியது என்பதே அதன் பெயருக்குப் பொருள். முன்னாளில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்த வள்ளம் அது. எழுத்தர் சம்பளத்துக்கு ஏற்றது அதுவன்று. 1968ஆம் ஆண்டில் தோன்றிய கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை ஆலப்புழைக்கும் கோட்டயத்துக்கும் இடையே விடும் பொதுப்படகில் ஏறினோம். கட்டணம் பேருந்துக் கட்டணம் போலக் குறைவு. நேரம் ஏறத்தாழ இரண்டரை மணி.

படகு முதலில் காயலின் அகன்ற பரப்பில் சென்றது. பிறகு கால்வாய்க்குள் புகுந்தது. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்து கிடக்கும் நெல்வயல்கள் ஒருபுறம். வரப்பைப் போன்ற கரையில் வரிசை வரிசையாய் வீடுகள் மறுபுறம். ஒவ்வொரு வீட்டுக்கும் நீரில் இறங்கும் படிக்கட்டு. அங்கே பாத்திரம் துலக்குகின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிவார்கள். துறை வந்ததும் படகு கரையை உரசி நிற்கும். புத்தகப் பையோடு சிறுவர் ஏறுவர். வாழைத்தாரோடு முதியவர் இறங்குவர். ஆகாயத்தாமரை படர்ந்த இடங்களில் படகு திணறிச் சென்றது. அவர்களுக்கு இது சுற்றுலா அன்று. இதுவே சாலை, இதுவே கடைத்தெரு, இதுவே மருத்துவமனைக்குச் செல்லும் வழி.

எங்கள் பிள்ளைகள் மிகவும் வியந்தது வேறொன்று. கால்வாயின் குறுக்கே நடைபாலங்கள் தாழ்வாகக் கிடக்கின்றன. படகு ஒலி எழுப்பியதும், கரையில் ஒருவர் வந்து கயிற்றை இழுக்கிறார். பாலம் மேலே தூக்கிக்கொள்கிறது. படகு சென்றபின் மீண்டும் இறங்குகிறது. முதற்பாலத்தில் பிள்ளைகள் பாலம் ஏறுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அடுத்த பாலத்தில் இளையவள், “அப்பா, இழுக்கிறவர் அதோ நிற்கிறார்” என்று காட்டினாள். அதன்பின் ஒவ்வொரு பாலத்திலும் பிள்ளைகள் பாலத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆளைத் தேடிக் கையசைத்தார்கள். அவரும் ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு மறுகையை அசைத்தார். மெல்லச் செல்லும் பயணத்தின் பயன் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றிற்று. விரைந்து செல்பவர்க்கு வழி மட்டுமே தெரியும். மெல்லச் செல்பவர்க்கு வழி விடுபவரும் தெரிவார்.

அன்பர்களே! இதை இந்த ஊரில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்பது பெரார்கஞ்ச். ஆனால் இங்கே காடு வெட்டி, கழனி திருத்தி, சாலை போட்டவர்கள் வேறு. மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார், வட இந்தியாவிலிருந்து வந்த பாந்து மக்கள், வங்கத்திலிருந்து வந்த அகதிகள், நம் தமிழ்க் கூலிமக்கள் என்று பலர் இத்தீவின் மண்ணில் வியர்வை சிந்தினார்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு நேர்ந்தது இங்கும் நேரலாகாது. ஆளுநர் பெயர் நின்று, ஆள் பெயர் மறைவது போதும்.

ஆகவே சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம். முதலாவது: இங்குள்ள முதியோர் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் எந்த ஆண்டில், எந்த வழியில் வந்தனர், முதல் இரவு எங்கே தங்கினர், அவர்களுக்கு வழி காட்டியவர் யார், சோறிட்டவர் யார் என்பதை இளைஞர்கள் கேட்டு எழுத வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் போதும். அடுத்த ஆண்டு மலரில் அப்பக்கங்கள் வெளிவரட்டும். விளம்பரப் பக்கம் ஒன்று குறைந்தாலும் குற்றமில்லை. முதியோர் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது. பேரேட்டில் ஏறாத சரக்கு தொலைந்தால் அதைத் தேடித் தருவார் யாரும் இல்லை என்பது எங்கள் அலுவலகத்துப் பாடம்.

இரண்டாவது: ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளைப் படகில் ஏற்றி, விரையாமல் ஓர் ஓடை வழியே அழைத்துச் செல்லுங்கள். கண்டல் மரத்தின் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். அந்த மரங்களையும் ஓடைகளையும் குப்பைக் கிடங்காக்காமல் காப்பதும் நம் பொறுப்பே. சென்னைக் கால்வாய் நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது. படகில் ஏறியதும் சாரங்கின் பெயரைக் கேட்டு, வணக்கம் சொல்லிப் பழக்குங்கள். இறங்கும்போது நன்றி சொல்லச் செய்யுங்கள். நம்மைச் சுமந்து செல்பவரை அறிந்துகொள்ளும் பிள்ளை, எந்த ஊருக்குச் சென்றாலும் தமிழ்ப் பண்போடு வாழும் என்பது எம் நம்பிக்கை.

ஒலிபெருக்கி கட்டியும் பந்தல் போட்டும் நாற்காலி சுமந்தும் இந்த விழாவை நடத்தித் தருகின்ற தொழிலாளத் தோழர்க்கு நன்றி கூறி அமர்கிறோம்.